மடிப்பாக்கம் வீடு: விற்பதா, அடுத்த வாடகைதாரருக்கு விடுவதா?

நொய்யல்கரை

மடிப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு அடுக்குமாடி வீடு இருக்கிறது. எட்டே வீடுகள் கொண்ட கட்டடம், இரண்டாவது மாடி, 1,020 சதுர அடி. 2009 ஜூனில் பத்திரச் செலவும் சேர்த்து 28 லட்சம் ஆனது. மகள் வளர்ந்தது அங்கேதான். 2018-இல் கணவருக்குக் கோவைக்கு மாற்றல் வந்தது. சீக்கிரமே திரும்பிவிடலாம் என்ற நினைப்பில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்தோம். திரும்பவில்லை. வடவள்ளியில் வீடு கட்டிக் குடியேறிவிட்டோம். அதற்கு வாங்கிய கடனில் 34 லட்சம் பாக்கி இருக்கிறது, வட்டி எட்டேகால் சதவீதம்.

இப்போதைய வாடகை மாதம் 21,000. குடியிருப்பவர் அடுத்த மாதம் காலி செய்கிறார். வீட்டைப் பார்த்துவர நான்தான் போனேன். ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துத் தேக்கில் செய்த பூஜை அலமாரியில் வரிசையாகச் செருப்புகள். விளக்கு வைத்த தட்டில் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது, அதன்மேல் ஒரு ஜோடி கிரிக்கெட் ஷூ. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. ஆனாலும் படியிறங்கும்போதே விற்றுவிடலாம் என்று தோன்றிவிட்டது.

மறுபடி வாடகைக்கு விடுவதென்றால் பெயின்ட் செலவு மட்டும் 85,000 என்கிறார்கள். குளியலறைக் கசிவால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் வேறு. தரகர் 76 லட்சம் கிடைக்கும் என்கிறார். கணவர், மெட்ரோ ஓடத் தொடங்கட்டும், அதன்பிறகு பார்க்கலாம் என்கிறார். மாமியாருக்குச் "சென்னையில் ஒரு கால் இருக்கட்டும்" என்ற எண்ணம். செருப்பைப் பார்த்த கோபத்தில் முடிவெடுக்க எனக்கும் விருப்பமில்லை. எப்போது விற்பது என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

நங்கநல்லூர்வாசி

விற்காதீர்கள் அம்மா. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாவது வழித்தடம் மடிப்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. இப்போது சாலை முழுக்கத் தடுப்புகளும் புழுதியும்தான். வீடு பார்க்க வருகிறவன் அந்தச் சாலையைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் படியேறுகிறான், விலையைக் குறைத்துக் கேட்காமல் என்ன செய்வான்? வேலை முடிந்து ரயில் ஓடும்போது அதே வீட்டுக்கு வேறு விலை. இன்னொன்று, கட்டடம் பழசானாலும் மண் பழசாகாது. நாளை எல்லாரும் சேர்ந்து இடித்துக் கட்டினால் புது வீடு கிடைக்கும். சென்னையில் விற்ற இடத்தைத் திரும்ப வாங்கியவர்களை நான் பார்த்ததில்லை.

கணக்குப்பிள்ளை

மாமியாரையும் மெட்ரோவையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு எண்களைப் பார்ப்போம்.

வாடகை ஆண்டுக்கு 2,52,000. சொத்து வரி, சில்லறை மராமத்து, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதம், தரகு எல்லாம் போக இரண்டு லட்சத்துச் சொச்சம் நிற்கும். வருமான வரியில் சொத்து வரி போக மீதியில் முப்பது சதவீதம் கழிவு உண்டு. இருபது சதவீத அடுக்கில் இருப்பவர்களானால் வரி கட்டியபின் கையில் தங்குவது 1.7 லட்சம் அளவில். 34 லட்சத்துக்கு எட்டேகால் சதவீதம் என்றால் முதல் வருடம் நீங்கள் கட்டும் வட்டி 2.8 லட்சம். புதிய வரி முறையில் இருந்தால் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஒரு ரூபாய் கழிவும் கிடையாது. அதாவது 76 லட்சம் மதிப்புள்ள வீட்டின் வாடகை, அதில் பாதிக்கும் குறைவான ஒரு கடனின் வட்டிக்குக்கூடப் போதவில்லை.

தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. விற்று, கடனை அடைத்து, மீதி நாற்பது லட்சத்தை வைப்பில் போடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நங்கநல்லூர்வாசி

கணக்குப்பிள்ளை சார், கணக்கில் பாதியை விட்டுவிட்டீர்கள். 28 லட்சம் 76 லட்சம் ஆகியிருக்கிறதே, அது எந்தப் பத்தியில் வருகிறது? ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறரை சதவீத வளர்ச்சி அது. இன்றைய விலையில் வருடத்துக்கு நாலே முக்கால் லட்சத்துக்கு மேல். வாடகையையும் சேர்த்தால் ஆறரை லட்சம். கடனை அடைத்து மிச்சமாகும் வட்டியையும் வைப்பு வட்டியையும் கூட்டினாலும் இந்த அளவு வராது.

கணக்குப்பிள்ளை

நியாயமான கேள்வி. அந்த ஆறரை சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வருமான வரித்துறை அறிவிக்கும் பணவீக்கக் குறியீடு 2009-10-இல் 148. 2025-26-க்கு 376. 28 லட்சத்தை 376-ஆல் பெருக்கி 148-ஆல் வகுத்தால் 71.13 லட்சம் வருகிறது. விலைவாசி ஏறிய அளவுக்கு மேல் இந்த வீடு சம்பாதித்தது ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அதுவும் அந்தப் பகுதிக்கு நல்ல காலமாக இருந்த ஆண்டுகளில். 2009-இல் மடிப்பாக்கம் ஊராட்சி. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. வாங்கும்போது கட்டடம் புதியது, இப்போது பதினாறு வயது. அடுத்த பத்தாண்டுக்கும் அதே வேகத்தை எதிர்பார்ப்பது உங்கள் நம்பிக்கை. வங்கி வட்டி நம்பிக்கை அல்ல, மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

மெட்ரோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழித்தடம் அறிவித்த நாளிலிருந்து விற்கிறவர்கள் எல்லாரும் அதை விலையில் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். உங்கள் தரகர் சொன்ன 76-இலும் மெட்ரோ ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கடல்கடந்தவன் (டாலஸ்)

சிலர் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். குடியிருந்த வீட்டைவிட்டு வெளியேறி மூன்று ஆண்டுக்குள் விற்றுவிட வேண்டும் என்று இணையத்தில் படிப்பீர்கள். அது அமெரிக்கச் சட்டம். விற்கும் தேதிக்கு முந்தைய ஐந்தாண்டில் இரண்டாண்டு சொந்தமாக வைத்திருந்து குடியும் இருந்திருந்தால், ஆதாயத்தில் தனிநபருக்கு இரண்டரை லட்சம் டாலர், தம்பதிக்கு ஐந்து லட்சம் டாலர் வரை வரி இல்லை. அதனால் இங்கே பழைய வீட்டை வாடகைக்கு விட்ட எங்களுக்கெல்லாம் நாட்காட்டிதான் எஜமான். வாடகைக் காலத்தில் கழித்த தேய்மானத்துக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. இந்தியாவில் இருக்கும் வீட்டை இந்தியாவில் வசிப்பவர் விற்க இந்தக் கெடு எதுவும் இல்லை. நீங்கள் 2018-இல் வெளியேறினீர்களா 2023-இல் வெளியேறினீர்களா என்று உங்கள் வரி அதிகாரி கேட்கப்போவதில்லை.

பெருங்குடி புதியவன்

ஆனால் வரி பெரிய தொகையாக வருமே? 12.5 சதவீதம் அல்லவா? வரியை மிச்சப்படுத்த இன்னொரு வீடு வாங்கிவிடலாம், பழைய வருமான வரிச் சட்டத்தில் 54-ஆம் பிரிவாக இருந்த விலக்கு இருக்கிறது. என் நண்பர் அப்படித்தான் செய்தார்.

கணக்குப்பிள்ளை

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் விற்றால் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். தரகு ஒரு சதவீதம் போக 75.24 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். குறியீடு இல்லாமல் போட்டால் ஆதாயம் 47.24 லட்சம், 12.5 சதவீத வரியும் 4 சதவீத கூடுதல் தீர்வையும் சேர்ந்து ஆறு லட்சத்தைத் தாண்டும். குறியீட்டோடு போட்டால், வாங்கிய விலை முன்பு சொன்ன 71.13 லட்சம் ஆகிவிடும், ஆதாயம் நாலு லட்சத்துச் சொச்சம். அதில் 20 சதவீதமும் தீர்வையும் சேர்த்து 85,000 ரூபாய்.

85,000 ரூபாய் வரியைத் தவிர்க்க அறுபது, எழுபது லட்சத்துக்கு இன்னொரு வீடு வாங்கி, அதற்கும் பத்திரச் செலவு செய்து, அதற்கும் ஒரு வாடகைதாரரைத் தேடப் போகிறீர்களா? பெயின்ட் செலவும் இதே தொகைதான் என்பதைக் கவனியுங்கள். 54-ஆம் பிரிவு வீடு மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு. நொய்யல்கரை அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது, அதன் கடனை அடைப்பது அந்தப் பிரிவில் வராது.

சிங்கைத் தமிழன்

இந்த இரண்டு வழிக் கணக்கு இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் எங்களுக்கு 12.5 மட்டுமே. அதோடு வாங்குகிறவர் ஒரு சதவீதம் பிடித்தம் செய்துவிட்டு விடமாட்டார், மொத்த விலையின்மேல் பதின்மூன்று, பதினான்கு சதவீதம் பிடிப்பார். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை விற்பனைக்கு முன்பே துறையிடம் வாங்கிவைக்காவிட்டால் அடுத்த வருடம் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் கணவருக்கு வெளிநாட்டு வேலைக்கான பேச்சு ஏதாவது இருந்தால், போவதற்கு முன்பே விற்றுவிடுவது நல்லது.

நொய்யல்கரை

வெளிநாட்டுப் பேச்சு இல்லை. 85,000 என்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, ஆறு லட்சம் போகும் என்று பயந்துகொண்டிருந்தோம். கணவரிடம் காட்டினேன். "பதினாறு வருடம் வைத்திருந்தும் விலைவாசி அளவுக்குத்தான் ஏறியிருக்கிறதா" என்று அவருக்கு வருத்தம்.

நங்கநல்லூர்வாசி சார் சொன்ன இடித்துக் கட்டும் யோசனையில்தான் அவருக்கு இன்னும் ஆசை இருக்கிறது. பத்திரத்தைப் பார்த்தேன். மனை இரண்டு கிரவுண்டு, எங்கள் பிரிபடாத பங்கு 600 சதுர அடி. எட்டு வீடும் ஏறக்குறைய ஒரே அளவு. தெரு இருபதடி.

கட்டடக்கலைஞன்

இந்த விஷயத்தில் என் தொழில் உதவும்.

இடித்துக் கட்டுவது சென்னையில் இப்போது பெரிய பேச்சு. அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தபின் எல்லாருடைய சம்மதமும் தேவையில்லை, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் போதும். ஆனால் சம்மதம் இருந்தால் மட்டும் போதாது, கட்டுகிறவருக்கு அதில் என்ன மிச்சம் என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் மனை 4,800 சதுர அடி. எஃப்எஸ்ஐ, அதாவது மனைப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2009-இல் ஒன்றரை, 2019 விதிகளின்படி உயரம் குறைந்த கட்டடங்களுக்கு இரண்டு. ஆகவே இன்று 9,600 சதுர அடி வரை கட்டலாம். எட்டு வீட்டுக்காரர்களுக்கும் அவரவர் பழைய அளவையே திருப்பிக் கொடுத்தால் 8,160 போய்விடும். கட்டுநர் விற்பதற்கு மிஞ்சுவது 1,440 சதுர அடி, அதாவது ஒன்றரை வீடு. அதை விற்று ஒன்றேகால் கோடி வரலாம். மொத்தக் கட்டடத்தையும் கட்ட இரண்டரைக் கோடிக்குக் குறையாது. எந்தக் கட்டுநர் வருவார்? அகலமான சாலையாக இருந்தால் கட்டணம் கட்டிக் கூடுதல் எஃப்எஸ்ஐ வாங்கலாம். இருபதடித் தெருவில் அந்த வழியும் அடைபட்டது. உரிமையாளர்கள் ஆளுக்கு இருபது லட்சத்துக்குக் குறையாமல் போட்டால்தான் நடக்கும். எட்டுப் பேரில் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய அடுக்குமாடிகளை இடித்துப் பெரிதாகக் கட்டிப் பலர் லாபம் பார்த்திருப்பது உண்மைதான். ஆனால் அங்கெல்லாம் மனைப்பங்கு அதிகம், கட்டியது குறைவு. பெசன்ட் நகரில் நான்கு வீட்டுக்கு இரண்டு கிரவுண்டு இருக்கும். உங்களுடையது மனையை முழுக்கப் பயன்படுத்திக் கட்டிய கட்டடம். அந்தக் கதைகளை இந்தக் கட்டடத்தின்மேல் ஏற்றிப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய திட்ட அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. உங்கள் தெரு எவ்வளவு தொலைவு என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நங்கநல்லூர்வாசி

மனைப்பங்கு 600-தான் என்றால் நான் வற்புறுத்தவில்லை. தனி மனை அளவுக்கு நினைத்துப் பேசினேன். ஆனாலும் அவசரப்பட்டுக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். சந்தை ஏறும்போது விற்கலாம்.

பத்திர எழுத்தர்

இதுவரை எல்லாரும் விலை, வட்டி, வரி என்றே பேசுகிறீர்கள். பதிவு அலுவலக வாசலிலேயே வேலை பார்க்கும் எனக்கு வாடகை வீடு எப்போது விற்கும் என்பதில் வேறு அபிப்பிராயம் உண்டு. சந்தை உச்சியில் இருக்கும்போது யாரும் விற்பதில்லை, ஏனென்றால் அதுதான் உச்சி என்று அப்போது தெரியாது. வாடகை வீட்டுக்கு விற்கும் நேரம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு குடித்தனம் போய் அடுத்தது வருவதற்கு இடைப்பட்ட காலம்.

ஆள் இருக்கும் வீட்டை விற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்க வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதி, அன்றைக்குத்தான் குடியிருப்பவர் வீட்டில் உறவினர் வருவார்கள். படுக்கையறைக் கதவு பாதிதான் திறக்கும். "இந்த வீட்டில் தண்ணீர் வருமா" என்று கேட்டால் குடியிருப்பவர் உண்மையைச் சொல்வார். குடியேற வாங்குகிறவர் "எப்போது காலியாகும்" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். முதலீட்டுக்கு வாங்குகிறவர் மட்டும் மிஞ்சுவார், அவர் அடிமாட்டு விலை கேட்பார். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதியாமல் விட்டவர்களுக்கு, காலி செய்யச் சொல்லும்போதுதான் அந்தக் குறை பெரிதாகத் தெரியும்.

உங்களுக்கு அடுத்த மாதம் வீடு தானாகவே காலியாகிறது. இந்த வாய்ப்பை விட்டு 85,000-க்குப் பெயின்ட் அடித்து இன்னொருவரைக் குடிவைத்தால், அடுத்த வாய்ப்பு இரண்டு மூன்று வருடம் கழித்து. அப்போதும் பெயின்ட் போயிருக்கும், கட்டடத்துக்கு வயது கூடியிருக்கும். பழைய கட்டடத்துக்குக் கடன் கொடுக்க வங்கிகள் எஞ்சிய ஆயுளைப் பார்க்கின்றன. வயது ஏற ஏற, கடன் வாங்கி வீடு வாங்குகிறவர்கள் உங்கள் வாசலுக்கு வருவது குறையும்.

காலியாக வைத்தால் மாதம் 21,000 வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் நஷ்டம்தான். மூன்று மாதம் வைத்தாலும் எழுபத்தைந்தாயிரத்துக்குள் அடங்கும். அது பெயின்ட் செலவைவிடக் குறைவு.

மாதத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பார்ப்பார்கள். மார்கழியில் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். தையில் பதிவு அலுவலகத்தில் டோக்கன் கிடைக்காது. ஆகவே இப்போதே காட்டத் தொடங்கினால்தான் தையில் கிரயம்.

பெருங்குடி புதியவன்

மழைக்காலத்தில் வீட்டைக் காட்டுவது சரியா? 2015-இல் மடிப்பாக்கம் மூழ்கியதை எல்லாரும் டிவியில் பார்த்தோமே.

பத்திர எழுத்தர்

தண்ணீர் நிற்காத தெருவாக இருந்தால் மழை நாளில் காட்டுவதுதான் சிறந்தது. வாங்குகிறவர் மனத்தில் இருக்கும் ஒரே கேள்விக்கு நேரிலேயே பதில் கிடைத்துவிடும்.

நொய்யல்கரை

2015-இல் கீழே கார் நிறுத்தும் இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. 2023 மிக்ஜாம் புயலில் தெருவோடு நின்றுவிட்டது. கேட்டால் இப்படியே சொல்லிவிடுவேன், அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தெரியப்போவதுதானே.

நேற்று இரவு கணவர், நான், மாமியார் மூவரும் உட்கார்ந்து பேசினோம். இடித்துக் கட்டும் கணக்கைப் படித்தபின் கணவர் மெட்ரோவைப் பற்றிப் பேசவில்லை. மாமியார்தான் எதிர்பாராத விதமாக, "கடனை அடைத்தால் மாதத் தவணை நிற்குமா? நின்றால் விற்றுவிடு" என்று சொல்லிவிட்டார். அவருடைய சென்னைக் கால் உண்மையில் குரோம்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டில்தான் இருக்கிறது.

கசிவை மட்டும் சரிசெய்துவிட்டு, பெயின்ட் அடிக்காமல், 78-க்குச் சொல்லிப் பார்ப்பதாக முடிவு. 74-க்குக் கீழே போவதில்லை. பங்குனிக்குள் போகாவிட்டால் பெயின்ட் அடித்து வாடகைக்கு விட்டுவிடுவோம். பூஜை அலமாரியைக் கழற்றிக் கோவைக்குக் கொண்டுவர முடியுமா என்று ஆசாரியிடம் கேட்டிருக்கிறேன்.

ஒருவர் அதற்குள் தொலைபேசியில் பேசினார். விலையில் பதினைந்து லட்சத்தைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கொடுக்கிறாராம்.

கணக்குப்பிள்ளை

வேண்டாம். சொத்து விற்பனையில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் உண்டு. அதைவிட, உங்களுக்கு வரியே 85,000-தான். மறைக்க உங்களிடம் எதுவும் இல்லை. அவருக்குப் பத்திரச் செலவில் லாபம், உங்களுக்கு முழு ஆபத்து. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து ஒன்பது சதவீதம், அந்த ஆசையில் கேட்கிறார்.

விலை ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குகிறவர் முழு விலையில் ஒரு சதவீதத்தை வரியாகப் (டிடிஎஸ்) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். வீடு இருவர் பெயரிலும் இருந்தால் இருவர் பான் எண்ணிலும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், இல்லாவிட்டால் ஒன்றுக்குப் பதில் இருபது சதவீதம் போய்விடும்.

பத்திர எழுத்தர்

காகிதங்களை இந்த வாரமே எடுத்து வையுங்கள். தாய்ப்பத்திரம், உங்கள் கிரயப் பத்திரம், 2009-க்கு முன்பிருந்து இன்றுவரைக்கும் வில்லங்கச் சான்று, நடப்புச் சொத்து வரி ரசீது, சங்கத்திடமிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம். பழைய வீட்டுக்கடன் முடித்தபோது வங்கி கொடுத்த ரசீது ஆவணம் வில்லங்கத்தில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறாமல் இருந்தால் வாங்குகிறவரின் வங்கி அங்கேயே நின்றுவிடும், அதைச் சரிசெய்யப் பழைய கிளைக்கு நீங்கள்தான் நேரில் போக வேண்டும். 2009-இல் ஊராட்சிப் பகுதி என்பதால் கட்டட அனுமதியின் நகலையும் கேட்பார்கள். சங்கச் செயலாளரிடம் இருக்கும்.

குடியிருப்பவருக்குத் திருப்பித் தர வேண்டிய முன்பணம் எவ்வளவு? அது கிரயத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

நொய்யல்கரை

ஒன்றரை லட்சம். அதை நாங்கள் வடவள்ளி வீட்டின் கிரானைட்டில் போட்டுவிட்டோம். வைப்புத்தொகை ஒன்றை உடைக்க வேண்டும். கடன் முடிந்த ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கோப்பில் இல்லை. திங்கட்கிழமை வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.